பொது அமைப்புக் கோட்பாடு: எல்லை, இருப்பு, பின்னூட்டம் இவற்றை எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது?

தெம்பனிஸ்_மாணவி:

அனைவருக்கும் வணக்கம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் இந்தப் பருவத்தில் பொது அமைப்புக் கோட்பாடு (எந்தத் துறையின் அமைப்புக்கும் பொதுவாகப் பொருந்தும் விதிகளைத் தேடுவது) ஒரு பாடம். அடுத்த மாதம் சமூக மன்ற வாசகர் வட்டத்திலும் இதைப் பற்றித் தமிழில் அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சொற்பட்டியல் மனப்பாடம் ஆகிவிட்டது: எல்லை, சூழல், திறந்த அமைப்பு, இருப்பு, ஓட்டம், பின்னூட்டம், என்ட்ரோபி, ஈக்விஃபைனாலிட்டி. ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன உறவு என்பதுதான் பிடிபடவில்லை.

குறிப்பாகச் சில இடங்களில் தடுமாறுகிறேன். ஓர் அமைப்பின் எல்லையை எங்கே போடுவது, அதற்கு ஏதாவது சோதனை உண்டா? பாசிட்டிவ் ஃபீட்பேக் (பின்னூட்டம்) என்றால் நல்ல விளைவு என்று குழுவில் ஒருவர் எழுதிவிட்டார், அது சரியா? சிஓஇ (வண்டி வாங்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) விலை இருப்பா, ஓட்டமா? "முழுமை என்பது பகுதிகளின் கூட்டுத்தொகையை விடப் பெரியது" என்கிறார்களே, அதை எண் போட்டுக் காட்ட முடியுமா? சிங்கப்பூர் உதாரணங்களாக இருந்தால் கேட்பவர்களுக்கும் எளிதாக இருக்கும்.

குழாய்ப்பொறியாளர்:

உங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பாதிச் சொற்களை அதிலேயே முடித்துவிடலாம்.

முதலில் எல்லை. நீங்கள் கேட்கும் கேள்விதான் அதை முடிவுசெய்கிறது. "இரவு எட்டு மணிக்குத் தொட்டி ஏன் வேகமாகக் காலியாகிறது?" என்றால் கீழ்த்தொட்டி, பம்ப், மேல்தொட்டி, வீடுகளின் பயன்பாடு, இவ்வளவு போதும். "வறட்சி வந்தால் தண்ணீர் தாங்குமா?" என்று கேட்டால் எல்லை மலேசியாவில் இருக்கும் ஜோகூர் ஆறு வரை போகும். அந்த ஆற்றின் மேற்புறத்தில் இருக்கும் லிங்கியூ நீர்த்தேக்கத்தின் மட்டம் 2016-ல் 20 விழுக்காடு அளவுக்குச் சரிந்தது. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம், ஆனால் ஆற்றில் தண்ணீர் இருந்தால்தானே எடுக்க முடியும். ஒரே குழாய்த் தண்ணீர்தான், கேள்வி மாறியதும் வேறு அமைப்பாகிவிட்டது.

சோதனை உண்டு. சந்தேகமான ஒவ்வொரு காரணியிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது என் அமைப்பைப் பாதிக்கிறதா? என் அமைப்பு இதைத் திருப்பிப் பாதிக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் எல்லைக்கு உள்ளே வையுங்கள். முதலாவதற்கு மட்டும் ஆம் என்றால் அது சூழல், வெளியிலிருந்து வரும் உள்ளீடாக மட்டும் காட்டுங்கள். இரண்டுக்கும் இல்லை என்றால் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள். மழை தொட்டிக்குச் சூழல். மக்களின் பயன்பாடு தண்ணீர்க் கட்டணத்தை மாற்றி, கட்டணம் திரும்பப் பயன்பாட்டை மாற்றுகிறது என்று ஆராய்ந்தால் கட்டணம் உள்ளே வந்துவிடும். மாணவர் வரையும் படங்களில் அதிகம் கெடுவது இந்த இடம்தான். தொடர்புள்ள எல்லாவற்றையும் உள்ளே திணித்துவிட்டால் பிறகு எந்தக் கேள்விக்கும் விடை வராது.

திறந்த, மூடிய என்ற பிரிவில் கவனம் வேண்டும். இயற்பியலில் மூன்று வகை: பொருளும் ஆற்றலும் கடந்தால் திறந்தது, ஆற்றல் மட்டும் கடந்தால் மூடியது, இரண்டும் கடக்காவிட்டால் தனித்தது. பழைய அமைப்புக் கோட்பாட்டு எழுத்துகளில் இந்தக் கடைசி இரண்டையும் சேர்த்தே மூடியது என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் பாடநூல் எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்று பார்த்துவிட்டு அதையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி எந்தக் கணக்கிலும் திறந்த அமைப்புதான்.

இப்போது கணக்குக்காகச் சில எண்கள். தொட்டியில் இருக்கும் தண்ணீர் இருப்பு. அதன் அலகு லிட்டர். பம்ப் நிமிடத்துக்கு 300 லிட்டர் ஏற்றுகிறது, வீடுகள் நிமிடத்துக்கு 100 லிட்டர் எடுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இவை ஓட்டங்கள். அலகில் "நிமிடத்துக்கு" என்று நேரம் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். மட்டம் 12,000 லிட்டருக்கு இறங்கினால் பம்ப் ஓடத் தொடங்கும், 18,000 வந்தால் நிற்கும். நிரம்ப ஆகும் நேரம் 6,000 ÷ (300 − 100) = 30 நிமிடம். இறங்க ஆகும் நேரம் 6,000 ÷ 100 = 60 நிமிடம். ஆகவே ஒரு சுற்று ஒன்றரை மணி நேரம்.

இரண்டு மட்டக் குறிகளுக்கும் நடுவில் ஏன் இவ்வளவு இடைவெளி என்று கேட்பார்கள். அதை 200 லிட்டராகக் குறைத்துப் பாருங்கள். 1 நிமிடத்தில் நிரம்பும், 2 நிமிடத்தில் இறங்கும், பம்ப் மணிக்கு 20 தடவை ஓடி நிற்கும். மோட்டார் தொடங்கும் ஒவ்வொரு முறையும் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுப்பதால் சுருள் சூடேறி, காலப்போக்கில் எரிந்துபோகும். கட்டுப்பாடு மிக நெருக்கமாக இருந்தால் அமைப்பு தன்னையே தேய்த்துக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒரு வேறுபாடு. பம்பும் நிமிடத்துக்குச் சரியாக 100 லிட்டரே ஏற்றினால் மட்டம் அசையாது. இரண்டு வால்வையும் மூடினாலும் அசையாது. முதலாவது மாறா ஓட்டநிலை, அதாவது ஸ்டெடி ஸ்டேட். இரண்டாவது வெறும் சமநிலை. முதலாவதில் 15,000 லிட்டர் இருந்தால் 15,000 ÷ 100 = 150 நிமிடத்தில் உள்ளே வந்துபோகும் தண்ணீரின் அளவு முழுத் தொட்டிக்குச் சமமாகிவிடும், அதற்கு மின்சாரமும் செலவாகிக்கொண்டே இருக்கும். உயிருள்ள எதுவும் முதல் வகை. மட்டத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், அதனால்தான் ஓட்டத்தையும் அளக்கச் சொல்கிறோம்.

சாலைக்கணக்கு:

தொட்டியை அண்ணன் நன்றாகச் சொல்லிவிட்டார். பின்னூட்டத்தையும் சிஓஇ-யையும் நான் எடுத்துக்கொள்கிறேன். ஒன்றின் விளைவு சுற்றிவந்து அதையே பாதித்தால் அது பின்னூட்டம், அந்தச் சுற்றுதான் சுழல்.

பாசிட்டிவ், நெகட்டிவ் என்பவை கூட்டல் கழித்தல் குறிகள் மட்டுமே, நல்லது கெட்டது என்ற பொருள் அவற்றில் கிடையாது. குழுவில் அந்த வரியை அடித்துவிடுங்கள். மாற்றத்தை மேலும் வளர்ப்பதைப் பெருக்கும் சுழல் என்றும், எதிர்த்துத் தணிப்பதைச் சமன்செய்யும் சுழல் என்றும் சொன்னால் இந்தக் குழப்பமே வராது. வங்கியில் வட்டிக்கு வட்டி பெருக்கும் சுழல், கடன் அட்டை நிலுவை வளர்வதும் அதே சுழல்தான்.

சுழலின் வகையைக் கண்டுபிடிக்க ஒரு நிச்சயமான வழி இருக்கிறது. ஒவ்வோர் அம்புக்கும் தனித்தனியாகக் கேளுங்கள்: மற்றவை மாறாமல் இருக்க, காரணம் கூடினால் விளைவு கூடுமா, குறையுமா? கூடினால் +, குறைந்தால் −. பிறகு சுழலில் உள்ள − குறிகளை எண்ணுங்கள். ஒற்றைப்படை என்றால் சமன்செய்யும் சுழல். இரட்டைப்படை அல்லது பூஜ்யம் என்றால் பெருக்கும் சுழல். அம்பின் இரண்டு முனையிலும் கூடக்குறையக்கூடிய அளவுதான் இருக்க வேண்டும். "கட்டண உயர்வு" என்று எழுதாதீர்கள், "கட்டணம்" என்று எழுதுங்கள். உயர்வு என்று எழுதிவிட்டால் அது குறைவதற்கு என்ன பொருள் என்று நீங்களே தடுமாறுவீர்கள்.

சமன்செய்யும் சுழலுக்கு நம் மின்னியல் சாலைக் கட்டணம் (நெரிசலைக் குறைக்க வண்டிகளிடம் வசூலிப்பது) அருமையான உதாரணம். 1975-ல் தாளில் அச்சிட்ட உரிமச்சீட்டோடு தொடங்கி 1998-ல் மின்னியல் முறைக்கு மாறியது. இலக்கு ஒரு வீச்சாக வைக்கப்பட்டிருக்கிறது: விரைவுச்சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், பிரதான சாலைகளில் 20 முதல் 30. வேகம் கீழே போனால் கட்டணம் ஏறும், மேலே போனால் இறங்கும். தொட்டியின் இரண்டு குறிகளைப் போலவே இங்கேயும் நடுவில் ஓர் இடைவெளி. அளக்கும் உறுப்பு, இலக்கோடு ஒப்பிடும் இடம், செயல்படும் உறுப்பு, இந்த மூன்றும் எங்கே என்று காட்ட முடிந்தால்தான் அதைக் கட்டுப்பாட்டுச் சுழல் என்று சொல்லலாம். ஒன்று விடுபட்டால் அது வெறும் விருப்பம்.

அடுத்து சிஓஇ. விலை இருப்பும் இல்லை, ஓட்டமும் இல்லை. காலத்தை அப்படியே உறைய வைத்து எண்ணக்கூடியது எதுவோ அதுதான் இருப்பு: சாலையில் பதிவாகி இருக்கும் வண்டிகள். மாதத்துக்கு எத்தனை புதுப் பதிவு, எத்தனை பதிவு நீக்கம் என்பவை ஓட்டங்கள். விலை என்பது இந்த ஓட்டத்தை யார் பெறுவது என்று தீர்மானிக்கும் செய்தி. படத்தில் பெட்டி இருப்புக்கு உரியது, விலைக்கு வட்டம் போதும்.

1990 மே மாதம் தொடங்கிய இந்த முறையில் சான்றிதழின் ஆயுள் 10 ஆண்டு. கார், மோட்டார்சைக்கிள்களின் எண்ணிக்கைக்கு அனுமதிக்கப்படும் வளர்ச்சி விகிதம் 2018 பிப்ரவரி முதல் பூஜ்யம். ஆக, புதிதாக வருவது பெரும்பாலும் நீங்கிப்போனதன் அளவுதான். ஓர் ஆண்டில் நிறையச் சான்றிதழ் கொடுத்தால் ஏறக்குறைய பத்தாண்டு கழித்து நிறைய வண்டி ஒரே நேரத்தில் நீங்கும், அப்போது மறுபடி நிறையச் சான்றிதழ் வரும். குறைவாகக் கொடுத்த ஆண்டும் அதேபோல் திரும்ப வரும். தாமதம் அலையை உண்டாக்குவதைப் புத்தகத்தில் படிப்பதைவிட இதில் பார்ப்பது நல்லது. வண்டிகளின் மொத்த எண்ணிக்கை அசையாமல் இருக்கும்போதே ஓட்டங்கள் ஏறி இறங்கி, விலையையும் இழுத்துக்கொண்டு போகின்றன.

இந்த அலையைத் தணிக்க நிலப் போக்குவரத்து ஆணையம் செய்த இரண்டு மாற்றங்களும் உங்கள் உரைக்கு உதவும். 2023 பிப்ரவரி முதல் சான்றிதழ் ஒதுக்கீட்டை முந்தைய நான்கு காலாண்டுகளின் பதிவு நீக்கச் சராசரியிலிருந்து கணக்கிடுகிறார்கள். சராசரி குலுக்கலைக் குறைக்கும், பதிலுக்குத் தாமதத்தைக் கொஞ்சம் கூட்டும். இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது. அதே ஆண்டில், ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து மேலும் நீட்டிக்க முடியாத வண்டிகளின் வருங்கால நீக்கங்களை முன்கூட்டியே எடுத்து, பற்றாக்குறைக் காலத்தில் வெளியிட்டார்கள். உச்சத்தைச் சீவிப் பள்ளத்தில் நிரப்பும் வேலை. அந்த வண்டிகள் குறித்த நாளில் கட்டாயம் நீங்கியாக வேண்டும் என்பதால்தான் இதைத் துணிந்து செய்ய முடிந்தது.

தெம்பனிஸ்_மாணவி:

மிக்க நன்றி ஐயா, அண்ணா. நீங்கள் சொன்னபடி சாலைக் கட்டணச் சுழலை வரைந்து பார்த்தேன்: கட்டணம் → வண்டிகள் (−), வண்டிகள் → வேகம் (−), வேகம் → கட்டணம் (+). இரண்டு கழித்தல் குறி வருகிறது, அப்படியென்றால் இது பெருக்கும் சுழல் ஆகிவிடுகிறதே?

சாலைக்கணக்கு:

மூன்றாவது அம்பை மட்டும் திரும்பக் கேளுங்கள். வேகம் கூடினால் கட்டணம் கூடுமா? இறங்கும். ஆகவே அது −. மொத்தம் மூன்று, ஒற்றைப்படை, சமன்செய்யும் சுழல். "வேகத்தைப் பார்த்துத்தான் கட்டணம் போடுகிறார்கள், எனவே +" என்று மனம் தாவிவிடும். தொடர்பு இருப்பது வேறு, எந்தத் திசையில் தள்ளுகிறது என்பது வேறு.

அம்பின் மேல் இரட்டைக் கோடு போட்டுத் தாமதத்தையும் குறியுங்கள். கட்டண மறுஆய்வு காலாண்டுக்கு ஒருமுறை நடப்பதால் அந்த மூன்றாவது அம்பில்தான் கோடு வரும்.

பேருந்து_அட்டவணை:

"முழுமை பெரியது" என்பதற்கு எண் கேட்டீர்கள். அந்த வாசகத்தை நான் மாற்றிச் சொல்வேன்: பகுதிகளைத் தனித்தனியாக அளந்தால் கிடைக்காத பண்பு, அவற்றின் உறவில் கிடைக்கிறது. தோன்றுபண்பு என்று இதைச் சொல்லலாம். இரண்டு பேருந்து ஒட்டிக்கொண்டு வருவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஓட்டுநர் சரியாக ஓட்டுகிறார், வண்டி நல்ல வண்டி, பயணிகளும் ஒழுங்காக அட்டையைத் தட்டி ஏறுகிறார்கள். ஆனாலும் ஒட்டிக்கொள்கின்றன.

இடைவெளி 8 நிமிடம் என்று வையுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நிமிடத்துக்கு 2 பேர் வருகிறார்கள், ஒருவர் ஏற 3 விநாடி. முன்வண்டி ஏதோ ஒரு சிக்னலில் 2 நிமிடம் தாமதமாகிறது. அடுத்த நிறுத்தத்தில் 4 பேர் கூடுதல், 12 விநாடி கூடுதல், தாமதம் இப்போது 2.2 நிமிடம். அதற்கடுத்த நிறுத்தத்தில் 2.42. ஒவ்வொரு நிறுத்தத்திலும் 1.1 மடங்கு. பின்வண்டிக்கு நேர்மாறு: முன்னால் போனவர் எல்லாரையும் ஏற்றிக்கொண்டதால் நிறுத்தத்தில் ஆள் குறைவு, அது சீக்கிரம் கிளம்புகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், தொடக்கத்தில் 6 நிமிடமாக இருந்த இடைவெளி எட்டாவது நிறுத்தத்தில் 0.6 நிமிடம் ஆகிவிடும். ஒன்பதாவதில் பின்வண்டி முன்வண்டியை எட்டிப் பிடித்துவிடும். அந்த நேரத்தில் முன்வண்டி 4.7 நிமிடம் தாமதம், பின்வண்டி கிட்டத்தட்ட 3.3 நிமிடம் முந்தி.

தாமதம் → காத்திருப்போர் (+), காத்திருப்போர் → நிற்கும் நேரம் (+), நிற்கும் நேரம் → தாமதம் (+). கழித்தல் குறி ஒன்றுகூட இல்லை. பேருந்தின் எந்தப் பாகத்தைப் பிரித்துப் பார்த்தாலும் "ஒட்டிக்கொள்ளும் தன்மை" கிடைக்காது, அது இடைவெளியில் இருக்கிறது. வேகமான எஞ்சின் போட்டால் தீராது. 3 விநாடியை 1.5 ஆக்கினால், அதாவது இரண்டு கதவிலும் ஏறவிட்டால், மடங்கு 1.05 ஆகக் குறையும், ஆனாலும் சுழல் பெருக்கும் சுழல்தான், ஒட்டிக்கொள்வது தள்ளிப்போகும், அவ்வளவே. உண்மையான தீர்வு புதிதாக ஒரு சமன்செய்யும் சுழலைச் சேர்ப்பது: வழியின் நடுவில் ஒரு நிறுத்தத்தில், முந்தி வந்த வண்டியை இடைவெளி சரியாகும் வரை நிறுத்தி வைப்பது.

இங்கேயே, கட்டுப்பாட்டைப் பற்றி ஆராய்ந்த ராஸ் ஆஷ்பியின் விதியையும் சொல்லிவிடலாம். 1956-ல் அவர் எழுதியதன் சாரம்: குழப்பம் எத்தனை வகையில் வருகிறதோ, கட்டுப்படுத்துபவரிடம் அதற்கு ஈடான அத்தனை வகைப் பதில் இருக்க வேண்டும். "நிறுத்தி வை" என்ற ஒரே கட்டளை மட்டும் கையில் இருந்தால் முந்தி வரும் வண்டியை மட்டுமே திருத்தலாம். பிந்திய வண்டிக்கு என்ன செய்வது? பயணிகளை இறக்க மட்டும் நிறுத்துவது, முனையத்திலிருந்து உபரி வண்டியை நடுவில் நுழைப்பது, பாதியில் திருப்பி அனுப்புவது என்று வேறு கருவிகள் வேண்டும். திட்டம் தோற்கும்போது பல நேரம் முயற்சி குறைவாக இருப்பதில்லை, பதில்களின் வகை குறைவாக இருக்கும்.

உயிரியல்_ஆசிரியை:

ஈக்விஃபைனாலிட்டியும் என்ட்ரோபியும் மிச்சம் இருக்கின்றன, இவை இரண்டும் உயிரியலில்தான் பிடிபடும்.

வியன்னாவில் படித்த உயிரியலாளர் லுட்விக் வான் பெர்ட்டலான்ஃபி (1901–1972) இந்தக் கோட்பாட்டைக் கட்டியெழுப்பியபோது அவரை உறுத்திய கேள்வி இதுதான்: மூடிய அமைப்பில் தொடக்கநிலையை மாற்றினால் முடிவும் மாறும். கருவில் அப்படி நடப்பதில்லையே? 1890-களின் தொடக்கத்தில் ஹான்ஸ் டிரீஷ் கடல் முள்ளெலி என்ற உயிரியின் கரு இரண்டு செல்லாக இருக்கும்போது அவற்றைப் பிரித்தார். பாதிப் பாதி உடல் வரவில்லை. ஒவ்வொரு செல்லும் முழு லார்வாவாக வளர்ந்தது, அளவில் மட்டும் சிறியது. வேறு வேறு தொடக்கம், ஒரே முடிவு: இதுதான் ஈக்விஃபைனாலிட்டி. டிரீஷ் இதற்கு உடலுக்குள் ஓர் உயிர்விசை இருப்பதாகக் காரணம் சொன்னார். பெர்ட்டலான்ஃபிக்கு அது தேவைப்படவில்லை. சூழலோடு பொருளும் ஆற்றலும் மாற்றிக்கொண்டு மாறா ஓட்டநிலையை அடையும் எந்தத் திறந்த அமைப்புக்கும் அந்தப் பண்பு வரலாம் என்று காட்டினார். உயிரியலின் ஒரு பெரிய வழக்கை, மாயம் எதுவும் சேர்க்காமல், ஓட்டங்களைக் கொண்டே தீர்க்க முயன்றது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. குழாய்ப்பொறியாளர் சொன்ன தொட்டியிலும் இதன் எளிய வடிவத்தைப் பார்க்கலாம்: 3,000 லிட்டரில் தொடங்கினாலும் 19,000-ல் தொடங்கினாலும் கடைசியில் 12,000-க்கும் 18,000-க்கும் நடுவில்தான் வந்து நிற்கும்.

என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு பற்றிப் பேசும்போது ஒரு தவறைத் தவிருங்கள். "உயிர்கள் வெப்பஇயக்கவியலின் இரண்டாம் விதியை மீறுகின்றன" என்று சொல்லாதீர்கள், மீறவில்லை. தனித்த அமைப்பில்தான் என்ட்ரோபி குறையவே முடியாது. திறந்த அமைப்பு உள்ளே ஒழுங்கைக் காத்துக்கொண்டு அதைவிட அதிகமான ஒழுங்கின்மையை வெளியே தள்ளலாம். குளிரூட்டி அறையைக் குளிர்விக்கும்போது வெளியே தாழ்வாரத்தில் வீசும் வெப்பம், அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு மோட்டாருக்குச் செலவான மின்சாரமும் சேர்ந்தது. எல்லையை அறையோடு நிறுத்தினால் குளிர் தெரியும், புளோக்கோடு நிறுத்தினால் கூடிய வெப்பம் தெரியும். அலுவலகம் சீர்கெட்டுப் போவதையெல்லாம் என்ட்ரோபி என்று எழுதுகிறார்கள். அளக்க முடியாத இடத்தில் அந்தச் சொல் வேண்டாம், "ஒழுங்கு குலைகிறது" என்றே எழுதலாம்.

வரலாறு ஒரு நிமிடம் போதும். 1954-ல் பெர்ட்டலான்ஃபியோடு பொருளியலாளர் கென்னத் போல்டிங், கணிதவியலாளர் அனட்டோல் ராப்பபோர்ட், உடலியலாளர் ரால்ஃப் ஜெரார்ட் மூவரும் சேர்ந்து இதற்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். நான்கு பேரும் நான்கு துறை என்பதைச் சொல்லுங்கள், எதற்காக "பொது" என்ற அடைமொழி என்பது அதிலேயே விளங்கிவிடும்.

தெம்பனிஸ்_மாணவி:

ரொம்ப நன்றி அக்கா. எல்லாவற்றையும் அரை மணி நேரத்தில் அடக்க முடியாது என்று தெரிகிறது. எதை விடலாம்?

குழாய்ப்பொறியாளர்:

தொட்டியையும் பேருந்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குப் பத்து நிமிடம், பேருந்துக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டப் பதினைந்து. சிஓஇ பற்றிக் கேள்வி நேரத்தில் நிச்சயம் கேட்பார்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம். ஆஷ்பி விதியைப் பேருந்தோடு ஒரே வரியில் முடியுங்கள். என்ட்ரோபியை விட்டுவிடலாம்.

பலகையில் எழுதும் முன் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் அலகைச் சரிபாருங்கள். இருப்பின் மாற்றம் = (உள் ஓட்டம் − வெளி ஓட்டம்) × நேரம். இடப்பக்கம் லிட்டர் என்றால் வலப்பக்கமும் லிட்டராக வர வேண்டும். பேருந்தில் நிமிடத்துக்கு 2 பேர் × ஒருவருக்கு 3 விநாடி = நிமிடத்துக்கு 6 விநாடி, அதாவது 0.1. அந்த 0.1-தான் 1.1 மடங்குக்கு மூலம் என்று சுட்டிக்காட்டுங்கள். இல்லாவிட்டால் எண் எங்கிருந்து வந்தது என்று முன்வரிசையிலேயே கேட்பார்கள்.